கழற்றி மாட்டும் காது

பன்னீர் சோடா பாட்டிலின் லேபிள் ஐஸ் பெட்டிக்குள் நழுவி விழுவதுதான் அந்தக் கோடையில் மதுமதியின் பெரிய கவலை.

ஆட்டையாம்பட்டிக்கு வெளியே ஒரு பழைய தறிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, லேபிள் ஒட்டும் பசை தயாரித்துவந்தாள் அவள். வேதியியல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் சில வருடங்கள் வேலை பார்த்தவள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபின் சொந்தமாகத் தொடங்கிய தொழில் இது. பசைக்கு முக்கியச் சரக்கு குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக்கிழங்கின் மாவு. சேலம் ஜில்லாவில் அதற்குப் பஞ்சமில்லை.

அவளிடம் வாங்கிய சோடா கம்பெனி, கண்ணாடி பாட்டில்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, கழுவி, மறுபடியும் நிரப்பி அனுப்புகிறது. முன்பு அவர்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் பசை சுடுதண்ணீருக்கெல்லாம் அசையாது. இரும்பு பிரஷ் போட்டுச் சுரண்டுவார்கள். பாட்டிலில் கீறல் விழும், சுரண்டிய பிசிறு சாக்கடையை அடைத்துக்கொள்ளும். மதுமதியின் பசை கழுவும் தொட்டியில் இறங்கியதும் கரைந்தது. அந்தத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிட்டாலும் மண்ணோடு மண்ணாகிவிடும். கம்பெனிக்கு அது பிடித்திருந்தது. கடைக்காரர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. ஐஸ் உருகிய தண்ணீரிலேயே பசை இளகி, லேபிள்கள் பெட்டிக்குள் மிதந்தன. எது பன்னீர், எது இஞ்சி என்று தெரியாமல் கடைக்காரர்கள் கத்தினார்கள்.

"உங்க பசைக்கு எங்க ஒட்டிக்கோணும், எங்க உடோணும்னே தெரியலீங்க மேடம்" என்றார் கம்பெனி மேலாளர்.

அவர் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் மதுமதி செய்ய வேண்டிய வேலையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. பசை தண்ணீருக்கு விடக் கூடாது. நாம் விடச் சொல்லும்போது மட்டும் விட வேண்டும்.

மாவோடு எலுமிச்சைத் தோலிலிருந்து எடுத்த, ஜாமை உறையவைக்கும் பெக்டினைக் கலந்தாள். நாமக்கல்லில் முட்டைப் பொடி தயாரிக்கும் ஆலை ஒன்று ஓடுகளை மலையாகக் குவித்து வைத்திருந்தது. அந்த முட்டை ஓடுகளை வினிகரில் கரைத்து, அதிலிருந்த கால்சியத்தைப் பசைமேல் தெளித்தாள். கால்சியம் பசையின் இழைகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டது. ஐஸ் தண்ணீரில் பாட்டில் கிடந்தது, லேபிள் அசையவில்லை. கழுவும் தொட்டியில் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலமும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை ஊற்றியபோது, அது கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கோத்த பிடி அவிழ்ந்து லேபிள் முழுசாக உரிந்து வந்தது.

இது ஒரே மூச்சில் நடந்ததல்ல. பல கலவைகள் கெட்டுப் பூசணம் பிடித்தன. ஒன்று பாட்டிலோடு லேபிளை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. கடைசியில் சரியான அளவு கிடைத்த வாரத்தில்தான் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக அவள் திருச்செங்கோடு போனாள்.

மணமகள் அறையில் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அலங்காரம் செய்தவள் வெண்ணிலா. இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். நிதானமான கை. இடப்பக்கத் தலைமுடியை முன்னால் இழுத்து, கன்னத்தை ஒட்டி ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தாள். அன்றைக்கு அது ஒரு ஸ்டைல் என்றுதான் மதுமதி நினைத்தாள்.

மணப்பெண்ணின் புருவத்துக்கு மேல் வரிசையாகக் கற்கள் ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு கல் கோணலாகிவிட, வெண்ணிலா அதைப் பிய்த்தாள். பெண் "ஸ்ஸ்" என்றாள். தோல் சிவந்துவிட்டது.

"இந்தப் பசை இப்பிடித்தானுங்க. ஒட்டுனா உடாது, உட்டா தோலையும் கூட்டிட்டு வரும்" என்று சொல்லிவிட்டு, சிவந்த இடத்தில் பவுடரை ஒற்றினாள் வெண்ணிலா.

மதுமதி பிய்த்த கல்லை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். பிறகு, "நானும் ஒரு பசை பண்றேனுங்க. பாட்டிலுக்குத்தான். ஆனா நோகாம உடும்" என்றாள்.

அறையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். வெண்ணிலா சிரிக்கவில்லை. "எப்பிடி உடுமுங்க?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அவர்கள் பழக்கம் தொடங்கியது. கற்களுக்கு ஏற்றபடி பசையை மெல்லிதாக்கி, சுத்தமான சரக்கில் கலந்து, சேலத்தில் தோல் மருத்துவர் சுவாமிநாதனிடம் காட்டி, கையில் பூசிச் சோதித்து, பிறகுதான் மதுமதி கொடுத்தாள். வெண்ணிலா முதலில் தன் நெற்றியில் ஒட்டிப் பார்த்தாள். வியர்வைக்குத் தாங்கியது. எலுமிச்சை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து எடுத்ததும் கல் கையோடு வந்தது. தோலில் தடமே இல்லை. அதன்பின் திருச்செங்கோட்டில் தேர்வீதிப் பக்கமிருந்த அவளுடைய சின்ன பார்லரில் வேறு பசை இல்லை.

ஒரு மத்தியானம் அவள் ஸ்கூட்டியில் ஆட்டையாம்பட்டிக்கு வந்தாள். பசை வாங்க வந்தவள் வாங்கியபின்னும் போகவில்லை. கலவைத் தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தாள், முட்டை ஓட்டுப் பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இது கல்லைவிடக் கனமானதத் தாங்குமுங்களா?"

"எவ்வளவு கனம்?"

வெண்ணிலா கன்னத்து ஊக்கை எடுத்து முடியை ஒதுக்கினாள். இடது காது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு சதைமடிப்பு மட்டும் இருந்தது, பட்டாணி அளவுக்கு. துவாரம் இல்லை.

"பொறக்கறப்பவே இப்பிடித்தானுங்க" என்றாள், விலாசம் சொல்வதுபோல. "இந்தப் பக்கம் சத்தமும் சரியாக் கேக்காது. அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க, பழகிப்போச்சு. காது மட்டும் செஞ்சு வச்சிருக்கேன். கோயமுத்தூர்ல அளவெடுத்து, சிலிகான்ல. அச்சா என்ர இன்னொரு காதாட்டமே இருக்கும். ஆனா அதுக்குக் குடுத்த பசை எனக்கு ஒத்துக்கலீங்க. ரெண்டு தடவை போட்டேன், தோல் வெந்து தண்ணி கோத்துக்கிச்சு. டப்பாவுலயேதான் கெடக்குது."

மதுமதி கிட்டே வந்து காதோரத்துத் தோலைப் பார்த்தாள். அவள் யோசித்தது காதைப் பற்றியல்ல, தோலைப் பற்றி. கல் சில மணி நேரம் ஒட்டியிருக்கும். காது தினமும், நாள் முழுக்க.

"பாட்டில் அரிக்குதுன்னு சொல்லாது வெண்ணிலா. நீ சொல்லுவ. எதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா கழட்டிப்போடறேன். அதுக்குத்தானுங்க உங்ககிட்ட வந்தேன்."

மதுமதி மறுபடி டாக்டரிடம் போனாள், இந்த முறை வெண்ணிலாவையும் கூட்டிக்கொண்டு. சுவாமிநாதன் அதிகம் பேசுகிறவரல்ல. வெண்ணிலாவின் காதோரத் தோலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பழைய புண்ணின் தழும்பு இன்னும் கறுத்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணலாமே. விலாவுல இருக்கற குருத்தெலும்புல காது செஞ்சு வைக்கறாங்க. இல்லேன்னா எலும்புல ஸ்குரூ வச்சு இந்தக் காதையே மாட்டலாம். பசையே வேண்டாம்" என்றார்.

"தெரியுமுங்க டாக்டர். சின்ன வயசுல அம்மா கேட்டாங்க, பயந்துட்டேன். இப்ப பயமில்ல. வேண்டாமுன்னுதான் இருக்கேன்."

"ஏன்?"

"இத்தன வருசம் இல்லாம இருந்துட்டேனுங்க. இனிமே எந்நேரமும் இருந்தே ஆகோணும்னா அதுவும் ஒரு மாதிரியா இருக்குது."

டாக்டர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. முழங்கையின் உட்புறத்தில் பசையைப் பூசிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார். அது சரியாக இருந்ததும் காதோரத்தில் ஒரு சிறு பொட்டளவு. பிறகு கொஞ்சம் கூடுதல். அவர் சொல்லி மதுமதி வினிகர் வாடையைக் குறைத்தாள், கால்சியத்தை வடிகட்டினாள். ஒரு கலவையில் அரிப்பு வந்தது. வெண்ணிலா சொல்லாமல் பொறுத்துக்கொண்டதை அறிந்து, "மறைச்சா இத்தோட நிறுத்திருவேன்" என்று மதுமதி கோபித்தாள். எலுமிச்சைத் தோலில் ஏதோ மிச்சமிருந்திருக்கிறது. தோலை மறுபடி மறுபடி அலசி அதைச் சரிசெய்தாள்.

ஆடி போய் ஆவணி வந்தபோது வெண்ணிலா காதை ஒட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

முதல் நாள் அவள் தேர்ந்தெடுத்த இடம் சேலத்தின் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதி. பார்லருக்கு மொத்தமாகச் சாமான் வாங்கும் சாக்கு. ஊக்குப் போடாமல், முடி முழுவதையும் தூக்கிக் கொண்டை போட்டிருந்தாள். துணைக்குப் போன மதுமதிக்குத்தான் படபடப்பு. மூட்டை ஏற்றும் ஆட்களும் ஆட்டோக்களும் இடித்துக்கொண்டு போகும் சந்தில், யாராவது வெண்ணிலாவின் தலையில் இடித்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

யாரும் இடிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. வளையல் கடைக்காரர் வெண்ணிலாவின் முகத்தைப் பார்த்து விலை சொன்னார். ஜவுளிக்கடை வாசலில் ஒரு பெண் வழி கேட்டாள். டவுன்பஸ் நடத்துநர் சில்லறைக்குச் சண்டை போட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்தபின் வெண்ணிலா மெதுவாகச் சொன்னாள். "ஒருத்தருமே திரும்பிப் பாக்கலீங்க்கா."

அவள் கண் கலங்கியிருந்தது. மதுமதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் பசை ஒரு மனிதத் தலையில் ஒட்டியிருப்பதை அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் வெண்ணிலாவின் அம்மா பாவாயி. மகளின் காதுக்காகக் கும்பிடாத கோயில் இல்லை. காது குத்தும் சடங்கைக்கூட, ஒரு காதை வைத்துக்கொண்டு ஊர் வாயில் விழ வேண்டாமென்று விட்டுவிட்டவர். இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் துடித்தார்.

"இனி ஊட்டுல கூட அதக் கழட்டாத சாமி. கழட்டி வச்சாத்தான கண்ணுல படும்" என்பார்.

"தோலுக்குக் காத்து வேணும்மா. ராத்திரி கழட்டித்தான் ஆகோணும்."

"ராத்திரியும் கழட்ட வேண்டாதபடிக்கு ஒரு பசை கண்டுபிடிக்கச் சொல்லு அந்தப் புள்ளைய."

வெண்ணிலாவுக்கே தெரியாமல் அவளிடம் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. வேலை செய்யும்போது முன்னால் விழும் முடியை விரலால் எடுத்துக் காதின் பின்னால் செருகுவாள். வலப்பக்கம் எப்போதும் செய்ததுதான். இடப்பக்கம் செய்வதற்கு இதுவரை காது இருந்ததில்லை. பார்லர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சில சமயம் தேவையில்லாமலும் செருகிக்கொள்வாள்.

மறு வருடம் வைகாசியில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. மணப்பெண் பிரீத்தி, பெங்களூரில் வேலை பார்ப்பவள். வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. மணமகள் அறையில் ஏசி ஓடவில்லை, உறவுப்பெண்கள் கதவை மூடவும் விடவில்லை. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கும்போது நெற்றிக்கற்களின் வரிசை பிடிக்கவில்லை என்று பிரீத்தி சொன்னாள்.

"கொஞ்சம் மேல ஏத்திக்கலாமாங்க?"

"அதுக்கென்னங்க" என்று வெண்ணிலா பஞ்சை எலுமிச்சை உப்புத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். மறுபடி ஒட்டினாள். வியர்வையில் முடி கலைந்து கலைந்து முகத்தில் விழுந்தது. ஈர விரலால் அதை எடுத்து எடுத்துக் காதின் பின்னால் செருகினாள். இடப்பக்கமும்.

கடைசிக் கல்லை வைக்கக் குனிந்தபோது காது கழன்று பிரீத்தியின் மடியில் விழுந்தது.

கூரைப்புடவையின் சிவப்பில், தங்கத் தோடு குத்திய ஒரு காது. பிரீத்தியின் அத்தை அலறினாள். யாரோ ஒரு பெண் தம்ளரைக் கீழே போட்டாள். வாசலில் நின்ற பெண்கள் என்ன என்ன என்று உள்ளே முண்டினார்கள்.

"ஐயோ, முகூர்த்த நேரத்துல இதென்ன அபசகுனம்! ஏம்புள்ள, நீ மொதல்லயே சொல்லியிருக்க வேண்டாமா? எந்திரி, எந்திரி பிரீத்தி, வேற புடவை மாத்து!"

வெண்ணிலாவின் முகம் வெளுத்துவிட்டது. மடியிலிருந்த காதை எடுத்தாள். அதை உடனே திருப்பி ஒட்ட வழியில்லை. துடைத்து, பசை பூசி, காயவிட்டு, கால்சியம் தெளித்து, பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். முடியை அவிழ்த்து மூடிக்கொள்ளலாம். ஆனால் குனியும்போதெல்லாம் அது மணப்பெண்ணின் ஈர மேக்கப்பில் விழும்.

அவள் காதைப் பெட்டியில் வைத்து மூடினாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கொண்டையை இன்னும் இறுக்கிக் கட்டினாள். பிரீத்தியிடம், "மன்னிச்சுக்கோங்க. கல்லு ஒண்ணுதான் பாக்கி. வைக்கட்டுங்களா, இல்ல நான் போயிரட்டுமா?" என்று கேட்டாள்.

பிரீத்திக்கும் பயம்தான். அத்தையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்.

"பாதியில போனா நான் எப்படிங்க மேடைக்குப் போறது? வைங்க" என்றாள். அத்தையிடம் திரும்பி, "அத்தை, கதவைச் சாத்துங்க, வெக்கை தாங்கல" என்றாள்.

வெண்ணிலா வேலையை முடித்தாள். கல் வைத்து, உதட்டை ஒருமுறை சரிசெய்து, பூச்சரத்தைத் தூக்கிக் குத்தினாள். அவ்வளவு நேரமும் அத்தனை பேரும் அவளுடைய இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவரும் பார்க்காததற்கும் சேர்த்துப் பார்த்ததுபோல் இருந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. ஆனால் யாரோ ஒரு பெண் போனில் எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. காது விழுந்தது அதில் இல்லை. காதில்லாமல் அவள் அலங்காரம் செய்வதுதான் இருந்தது. கீழே என்னென்னவோ எழுதினார்கள். ஏமாற்றுக்காரி என்றார்கள், பாவம் என்றார்கள், பேய்ப்படம் என்றார்கள். ஆனி முகூர்த்தங்களுக்குச் சொல்லிவைத்திருந்த சிலர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

பாவாயி மூன்று வேளையும் அழுதார். "மூடி வச்சிருந்தா இந்த அவமானம் உண்டா? அந்தப் பசைக்காரிய நம்பி நீ கொண்டையத் தூக்கிப் போட்டுட்டுப் போன!"

பசைக்காரிக்கும் தூக்கமில்லை. மறுநாளே மதுமதி திருச்செங்கோடு வந்தாள். பார்லர் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வெண்ணிலா பிரஷ்களைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். காது போடவில்லை, முடியையும் முன்னால் இழுத்துவிடவில்லை.

"தப்பு என்னோடது" என்றாள் மதுமதி. "கல்லுக்கும் காதுக்கும் ஒரே பசை, ஒரே தண்ணி. நாள் முழுக்க அந்தத் தண்ணியிலயே கை வச்சிருக்கறவளுக்கு அதக் குடுத்திருக்கக் கூடாது. யோசிக்கவே இல்ல."

"நானுந்தான் யோசிக்கலீங்க. கை தானாப் போவுது."

"கால்சியத்தக் கூட்டிப் பிடியை இறுக்கிடலாம். ஆனா அப்புறம் கழட்டறது செரமம், அரைமணி நேரம் ஊறப்போடோணும். இல்லேன்னா டாக்டர் சொன்ன ஸ்குரூவப் பத்தி நெனச்சுப் பாரு. எனக்கு இனி பயமா இருக்கு கண்ணு. பாட்டிலோட நிறுத்திக்கறேன்."

வெண்ணிலா ஒரு பிரஷ்ஷை உதறி, துணியில் பரப்பி வைத்தாள்.

"இறுக்க வேண்டாமுங்க்கா. அன்னிக்கு நானு நடுங்கினது நெசந்தான். அத்தன பேரு முன்னால நிக்கறப்ப செத்துரலாம்னு இருந்துச்சு. ஆனா கடைசிக் கல்ல வச்சதுக்கப்புறம் ஒண்ணு தோணுச்சு. இவிய எல்லாத்தையும் பாத்துட்டாங்க, இனி மூடறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லேன்னு. அது பெரிய நிம்மதிங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியுமான்னு தெரியல."

"அப்ப இனி காது போட மாட்டயா?"

"ஏன் போட மாட்டேன்? வண்டியில போறப்ப கூலிங்கிளாஸ் நிக்கோணும், தோடு போடோணும். எனக்குப் பிடிச்சிருக்குதுங்க அது. போடவும் வேணும், கழட்டவும் வேணும். நீங்க ஓரத்துல மட்டும் தண்ணி உள்ள போவாம எதாவது பண்ணுங்க."

மதுமதி ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு உட்கார்ந்தாள். இருவரும் அங்கேயே பேசினார்கள். காதைச் சுற்றி ஓரத்தில் தேன்மெழுகை மெல்லிய கோடாக இழுத்தால் ஈர விரல் உள்ளே தொடாது. கழற்றும்போது முதலில் தேங்காய் எண்ணெயால் மெழுகைத் துடைத்துவிட்டு, பிறகு எலுமிச்சை உப்புத் தண்ணீர். மெழுகும் மண்ணில் மக்கிப்போவதுதான். டாக்டர் சுவாமிநாதன் அதற்குத் தலையாட்டினார். பழைய விதிப்படி கையிலிருந்து தொடங்கச் சொன்னார்.

ஆனி மாதம் வேலை குறைவாக இருந்த ஒரு நாள், ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் மகளோடு பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். வாழப்பாடியில் யாரோ அந்த வீடியோவைக் காட்டி, ஒட்டுக்காது விழுந்த கதையையும் சொன்னார்களாம். சிறுமியின் பெயர் அறிவுமதி, ஏழு வயது. தலையில் தொப்பி. அம்மா தொப்பியைக் கழற்றினாள். அறிவுமதிக்கு வலது காது இல்லை.

"உங்களுக்கு அது எப்படி ஒட்டுதுன்னு பாக்கலாம்னு வந்தேங்க. பள்ளிக்கூடத்துல பசங்க கிண்டல் பண்றாங்க. எம் பொண்ணுக்கும் ஒண்ணு வாங்கிடணும்" என்றாள் அந்தப் பெண்.

வெண்ணிலா அன்று காது போட்டிருந்தாள். சிறுமியை நாற்காலியில் உட்காரவைத்து, நேர் எதிரே தானும் உட்கார்ந்தாள். எண்ணெயால் ஓரத்தைத் துடைத்தாள். பஞ்சை நனைத்து வைத்தாள். கொஞ்சம் பொறுத்து, காதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அறிவுமதி வாயைப் பிளந்தாள். விரலால் தொட்டாள். அமுக்கிப் பார்த்தாள். பிறகு வெண்ணிலாவின் கன்னத்துக்குப் பக்கத்திலிருந்த சதைமடிப்பையும் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கும் இப்படித்தான் இருக்கு!" என்று கத்தினாள். "ஆனா எனக்கு அந்தப் பக்கம்."

"நீயும் நானும் பக்கத்துல பக்கத்துல நின்னா சரியாப்போயிரும்" என்றாள் வெண்ணிலா.

சிறுமி கண்ணாடியில் அப்படி நின்று பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "மறுபடி மாட்டுங்க. மறுபடி கழட்டுங்க" என்று கேட்டாள். வெண்ணிலா பசையைப் பூசி, தெளித்து, காத்திருந்து மாட்டிக் காட்டினாள். பசை காயும்வரை இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க அளவெடுக்கறாங்க, எந்த ஆஸ்பத்திரி?" அம்மாவுக்கு அவசரம்.

"எல்லாம் சொல்றேனுங்க. ஆனா கொழந்தை வளர வளர அளவு மாறும். தோலையும் டாக்டர் மொதல்ல பாக்கோணும், இது எல்லார்த்துக்கும் ஒத்துக்கும்னு நானு சொல்ல மாட்டேன்." வெண்ணிலா சிறுமியின் பக்கம் திரும்பினாள். "உனக்கு வேணுமா சாமி?"

அறிவுமதி யோசித்தாள். "ஓடும்போது விழுமா?"

"இடிச்சா விழும்."

"அப்ப வேணாம். நான் கபடி ஆடுறேன்."

"இரு, நீ சும்மா இரு" என்றாள் அம்மா. "அவளுக்கு என்னங்க தெரியும்? நாளைக்கு வயசுக்கு வந்தா..." மேலே சொல்ல முடியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வெண்ணிலாவுக்குத் தன் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணோடு வாதாடவில்லை. காபி வாங்கிக் கொடுத்தாள். டாக்டரின் முகவரியையும் கோயமுத்தூர் முகவரியையும் தாளில் எழுதித் தந்தாள். "எப்ப வேணும்னு அவளே கேக்கறாளோ அப்பக் கூட்டிட்டுப் போங்க. இன்னும் கொஞ்ச வருசம் போகட்டுமே. பள்ளிக்கூடத்துல யாராச்சும் கேட்டா எங்கிட்ட கூட்டிட்டு வாங்க, நானு கழட்டிக் காட்டறேன்" என்றாள்.

அம்மா அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். சமாதானமானாளா என்று சொல்ல முடியாது. பஸ் நிறுத்தம்வரை வெண்ணிலா கூடப் போனாள். அறிவுமதி தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே முன்னால் ஓடினாள். அம்மா இருமுறை "தொப்பியப் போடு" என்றாள். மூன்றாவது முறை சொல்லவில்லை.

ஒரு வருடமாகச் சில கடைகளில் மட்டும் சோதித்துவந்த மதுமதியின் புதுப் பசை, அந்த வாரம்தான் சோடா கம்பெனியின் எல்லா பாட்டில்களிலும் ஏறியது. ஐஸ் பெட்டியில் லேபிள் மிதக்கிறதென்று யாரும் போன் செய்யவில்லை. அவள் அதை வெண்ணிலாவிடம் சொல்ல வந்தபோது பார்லரில் ஆள் இருந்தது. ஆவணிக்குக் கல்யாணம் நிச்சயமான ஒரு ராசிபுரத்துப் பெண்ணும் அவள் அக்காவும் அலங்காரத்துக்குப் பேச வந்திருந்தார்கள். வீடியோ பார்த்திருக்கிறார்கள் என்பது அவர்கள் தயங்கியதிலேயே தெரிந்தது. எல்லாம் பேசி முடித்தபின் கல்யாணப்பெண்தான் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்குக் காது போட்டுட்டு வருவீங்களா, இல்ல போடாமயா? எங்க ஊட்டுல பெரியவங்க கேப்பாங்க, அதான்."

"அன்னிக்கு எப்பிடி வரோணும்னு தோணுதோ அப்பிடி வாரேனுங்க" என்றாள் வெண்ணிலா. "பெரியவங்ககிட்ட ரெண்டையும் சொல்லி வச்சுருங்க."